மரகதம் அக்காவின் மலைக்கஞ்சா

செய்தி வந்தபோது நான் பினாங்கு லிட்டில் இந்தியாவில், தீபாவளிக் கூட்டத்தில், ஒரு பலகாரக் கடை முன்னால் நின்றிருந்தேன். அழைத்தவர் மரகதம் அக்காவின் தங்கை சாவித்திரி. கடைவாசல் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. "அக்கா போய்ட்டாங்க தம்பி" என்று அவர் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. பொட்டலத்தை வாங்கினேனா, அங்கேயே விட்டேனா என்று இப்போதும் நினைவில்லை.

வீடு போய்ச் சேர்வதற்குள் எங்கள் பழைய விரிவுரையாளர் வாட்ஸ்அப் குழுவில் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. "ஆழ்ந்த இரங்கல்." "ஈடு செய்ய முடியாத இழப்பு." இவர்களில் பாதிப் பேர் முதுகுக்குப் பின்னால் அவரைக் 'கஞ்சா மிஸ்' என்று சொல்லிச் சிரித்தவர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவரைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சிரித்தவர்களும் படித்தால் நல்லது.

அக்கா தாவரவியல். நான் அடுத்த கட்டடத்தில் வேதியியல். அவர் ஓய்வுபெறும்வரை மதியச் சாப்பாடு ஒரே மேசையில். அவருடைய வாழ்நாளில் பாதியை விழுங்கியது, தாய்லாந்தின் வடக்கு மலைகளில் மொங் மக்கள் வளர்க்கும் ஒரு நாட்டுக் கஞ்சா. போதைக்கு அல்ல, நாருக்கு. கிளைவிடாமல் நெடுநெடுவென்று வளரும். தண்டை உரித்து, நூல் திரித்து, நெய்வார்கள். இறந்தவருக்கு அந்தத் துணியைத்தான் உடுத்த வேண்டும், இல்லையென்றால் முன்னோர்களுக்கு அடையாளம் தெரியாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. விதையை எந்தக் கம்பெனியும் செய்து தரவில்லை. அந்த மலையின் மழையும் குளிரும், அங்குள்ள பெண்களின் கையும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த ரகம் அது.

அது எங்கிருந்து வந்தது என்பது அக்காவின் தீராத கேள்வி. கீழே சமவெளியில் வளரும் மெல்லிலைச் செடி இந்தியாவிலிருந்து வணிகர்களோடு வந்திருக்கலாம். தாய்லாந்து மொழியிலும் அதன் பெயர் ஏறக்குறைய கஞ்சாதான். மலைமேல் உள்ள நார்ச்செடி, சீனப் பக்கமிருந்து மலை மலையாக இறங்கி வந்தவர்களின் மூட்டையில் வந்திருக்கலாம். இரண்டும் வழியில் எங்கே கலந்தன? ஒருநாள் சாப்பாட்டு மேசையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "முடிவா என்னதான் சொல்றீங்க மேடம்?" என்று கேட்டார். "தெரியலன்னு சொல்றேன்லா. அத தைரியமா சொல்றதுக்கே இத்தன வருசம் ஆயிருச்சு" என்றார் அக்கா. கேட்டவர் அது ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

ஒருமுறை அவரோடு நானும் அந்த மலைக்குப் போனேன். அவருடைய களவேலை உடைகளும் சப்பாத்தும் அங்கே மாய் என்ற பெண்ணின் வீட்டிலேயே வருடம் முழுவதும் தொங்கும். பினாங்கிலிருந்து கொண்டுபோன எதையும் உடுத்திக்கொண்டு அவர் வயலில் இறங்க மாட்டார். எனக்கு அது தெரியாது. திரும்பி வரும் வழியில், பாடாங் பெசார் மலேசிய எல்லைக்கு முன்னால் ஒரு விடுதியில், என் காற்சட்டை மடிப்பைக் கத்தரிக்கோலால் பிரித்து உதறச் சொன்னார். காலுறையைக் குப்பையில் போட வைத்தார். தலையைச் சீப்பால் வாரி, சீப்பைக் கழுவச் சொன்னார். நான் முணுமுணுத்தேன். "இங்க ஒட்டிக்கிட்டிருந்தா வெறும் விதை. அந்தப் பக்கம் போனா கேஸு. நமக்குக் கழுத்து ஒண்ணுதான் தம்பி" என்றார். நம் நாட்டுத் தூக்குச் சட்டத்தைப் பற்றி இதைப் படிக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சிக்காக ஒரு காய்ந்த இலையையாவது இங்கே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஆகவே அந்த ரகம் பிழைத்திருக்க வேண்டுமென்றால் அந்த மலையிலேயே, மாயின் வயலிலேயே பிழைத்திருக்க வேண்டும். விதை சில வருடங்களில் உயிரை விட்டுவிடும். பெட்டியில் பூட்டிவைத்துக் காப்பாற்றும் சாமான் இல்லை அது. விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு தாய்லாந்தில் சட்டம் தளர்ந்தது. எல்லோரும் அவரை வாழ்த்தினார்கள். தண்ணீர்மலைக் கோயில் அன்னதானத்தில்கூட ஓர் அம்மா, "இனிமே உங்க ஆராய்ச்சிக்கு நல்ல காலம்தான், இல்லியா?" என்றார். அக்கா சாம்பாரை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். கோயில் படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்: "தட இருந்த வரைக்கும் வெளி விதை அந்தப் பக்கம் வரல. இப்ப வரும். அது காத்துல பூக்கிற செடி தம்பி. காத்துக்கு யாரு வேலி போடுறது?"

அவர் சொன்னபடியே நடந்தது. அடிவாரத்தில் வெளிநாட்டுக் கலப்பின விதைகள் வந்தன. குட்டையாக, அகன்ற இலையோடு, போதைக்கென்றே உருவாக்கியவை. அவற்றின் மகரந்தம் காற்றில் ஏறி அக்கம்பக்கத்து வயல்களையெல்லாம் தொட்டது. பின்னர் சட்டத்தை மறுபடி இறுக்கினார்கள். காற்றுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

மாயின் வயல் உயரத்தில், ஒரு முகட்டுக்கு அப்பால் இருந்தது. அதுவரை காற்று எட்டவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். புது மருமகள் வரும்போது தாய்வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்து, மாமியாரின் விதை ஜாடியில் தன் கையாலேயே போட வேண்டும். இரண்டு வீடும் ஒன்றானது என்பதற்கு அடையாளம். மாயின் மகன் அடிவாரக் கிராமத்தில் பெண் எடுத்தான். அந்தப் பெண் வழக்கப்படி விதை கொண்டுவந்தாள், ஜாடியில் போட்டாள். ஊரே மகிழ்ச்சியாகச் சாப்பிட்டது.

அடுத்த மாதம் போன அக்காவிடம் மாய் அதைப் பெருமையோடு சொல்லியிருக்கிறார். ஜாடியைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிச் சாம்பல் நிற விதைகள். எது மலை, எது அடிவாரம் என்று கடவுளாலும் பிரிக்க முடியாது. அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது அழவில்லை, திட்டவும் இல்லை. "அந்தப் புள்ளகிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதுன்னு மாய்கிட்ட சத்தியம் வாங்கிட்டு வந்தேன். ஆசையாத்தானே போட்டா" என்றார்.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. ஜாடியிலுள்ள எல்லாவற்றையும் விதைத்து, ஆண்செடிகள் பூவிரிப்பதற்குள் வயலில் வரிசை வரிசையாக நடந்து, கலப்பாகத் தெரியும் ஒவ்வொன்றையும் பிடுங்கி எறிய வேண்டும். இலையின் அகலம், கணுவுக்குக் கணு உள்ள இடைவெளி, தண்டை நசுக்கினால் வரும் வாசனை. மாய்க்குத் தன் செடியைத் தெரியும், கலப்புச் செடியைத் தெரியாது. அதை அவர் முன்பு பார்த்ததே இல்லை. இரண்டையும் அறிந்த கண் அக்காவுடையதுதான். முதல் பருவத்தில் அவரே போய்ச் செய்தார். ஒரே தடவையில் முடிகிற வேலையும் இல்லை. பல பருவங்கள் விடாமல் செய்தால்தான் ஜாடி மறுபடி தெளியும்.

இரண்டாம் பருவத்துக்குள் அக்காவின் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போதுதான் அந்த மருமகள் தானாகவே கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கினாள். இங்கே நாற்காலியில் குழாய்களோடு அக்கா. அங்கே செடிகளுக்கு நடுவே அவள். ஒவ்வொரு செடியாகக் காட்டுவாள். அக்கா தாய்லாந்து மொழியில் 'தோன்' என்றால் பிடுங்கு. 'ப்ளொய்' என்றால் விட்டுவிடு. கைப்பேசியை அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பது என் வேலை.

மலையில் சிக்னல் நிற்காது. இலை தெரியும், உறையும், பச்சைக் கட்டங்களாக உடையும். "கொஞ்சம் கிட்டக் காட்டச் சொல்லு தம்பி" என்பார், எனக்குத் தாய்லாந்து மொழி தெரியாது என்பதை மறந்து. வாசனை எப்படி என்று அவர் கேட்க, அந்தப் பெண் தண்டை நசுக்கி முகர்ந்து பார்த்து ஏதோ நீளமாகச் சொல்வாள். அக்கா கண்ணை மூடிக்கொள்வார். "அவ சொல்ற வாசன எனக்குப் புரியல" என்றார் ஒருமுறை. தாதி வந்து, "ஆன்ட்டி, பேசாம படுங்க, பிரஷர் ஏறுது" என்று கடிந்துகொண்டார். கடைசி நாட்களில் 'தோன்' குறைந்து, 'ப்ளொய்' கூடிக்கொண்டே போனது. ஏன் என்று கேட்டேன். "சந்தேகத்துல ஒண்ணப் பிடுங்கி, அதுதான் கடைசி நல்ல செடியா இருந்துட்டா?" என்றார்.

தகனம் முடிந்த மறுநாள் அக்காவின் கைப்பேசி ஒலித்தது. சாவித்திரி அதை என்னிடம் நீட்டினார். திரையில் அந்த மருமகள், பின்னால் செடிகள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டினேன். அது என் செய்தியை விளம்பரக் குரலில் உற்சாகமாகப் படித்துக் காட்டியது. அவள் வயல் நடுவே உட்கார்ந்து அழுதாள். மாய் வந்து அவள் தோளைப் பிடித்தார்.  பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கைப்பேசியைச் செடிப் பக்கம் திருப்பினாள். ஆண்பூக்கள் இன்னும் சில நாட்களில் விரிந்துவிடும். அவை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

முதல் செடியைக் காட்டிவிட்டு அவள் காத்திருந்தாள். எனக்கு அது ஒரு செடி, அவ்வளவுதான். 'ப்ளொய்' என்றேன். அடுத்ததற்கும் 'ப்ளொய்'. வரிசை முடியும்வரை அதையே சொன்னேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நடுவில் அவள் ஒருமுறை கைப்பேசியைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி செடியைக் காட்டினாள்.

மரகதம் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு சொற்கள். எதற்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதை அவர் கொண்டுபோய்விட்டார்.