நாலு ஜாக்கியும் ஒரு பச்சை அட்டையும்

எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். அதற்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் கண்டக்டர் ஆகிவிட்டேன். பெயர் பூமாலை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் கிழிக்கிறேன். யார் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள் என்பது மலை ஏறுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். இறங்குவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிடும்.

மதியம் வெள்ளிமலையில் வண்டி ஒன்றரை மணி நேரம் நிற்கும். அங்கே மாற்றலாகி வந்த டாக்டர் தேவிப்ரியாவுக்குச் சாப்பாட்டு நேரத்தில் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் ஆட நாலு பேர் வேண்டும். மருந்து கொடுக்கும் மணிமொழி ஒரு ஆள். மிச்சத்துக்கு நானும் டிரைவர் ராசுவும் அகப்பட்டோம்.

சீட்டு எனக்குப் புதிதில்லை. முந்நூத்தி நாலு ஆட்டத்தில் நான் கெட்டிக்காரன். அதில் ஜாக்கிதான் பெரியவன், முப்பது பாயிண்ட். டாக்டரம்மா முதல் நாளே அவனை ஒரு பாயிண்டுக்கு இறக்கிவிட்டார். ஆஸ் நாலு, ராஜா மூன்று, ராணி இரண்டு. ராஜாவுக்கும் ராணிக்கும் மட்டும் ரெண்டு ஆட்டத்திலும் ஒரே சம்பளம். கையிலுள்ள பதின்மூன்று சீட்டையும் கூட்டிப் பார்த்து, குறைந்தது பன்னிரண்டு பாயிண்ட் வந்தால்தான், இத்தனை பிடி எடுப்போம் என்று கேட்கும் ஏலத்தைத் தொடங்க வேண்டும். வராவிட்டால் பாஸ்.

கூட்டல் எனக்கு வரும். உண்மைதான் வராது. ஒன்பதை வைத்துக்கொண்டு பதினாலு மாதிரி தொடங்குவேன். எதிரில் என் ஜோடியாக உட்கார்ந்த டாக்டரம்மா அதை நம்பி ஏலத்தை மேலே ஏற்றுவார். இரண்டு பேரும் சேர்ந்து குப்புற விழுவோம். ஒருநாள் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பூமாலைண்ணே, ஏலங்கறது நீங்க எனக்குச் சொல்ற சேதி. உங்க சேதி பூரா வதந்தியாவே இருக்கு."

அப்போதுதான் கள்ளக்குறிச்சியில் ஒரு கிளப்பில் பிரிட்ஜ் போட்டி வந்தது. ஜோடியாக ஆட வேண்டும். அதிகாரிகளும் வக்கீல்களும் வரும் இடம். என் மச்சினன் அன்புச்செல்வன் வக்கீல் குமாஸ்தா. அந்த மாதிரி விசேஷத்துக்கெல்லாம் டீ கொடுக்கும் பொறுப்பு அவனுடையது. கல்யாண வீடுகளில் என்னை அறிமுகம் செய்யும்போது, "எங்க அக்கா வூட்டுக்காரரு, பஸ்ல தொங்கிக்கினு போவாரு" என்பான். அந்த கிளப்பில் நான் நாற்காலியில் உட்கார, அவன் குனிந்து எனக்கு டீ வைக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

டாக்டரம்மா கூப்பிட்டது ராசுவைத்தான். அவன் பேசவே மாட்டான், அதனால் பொய்யும் சொல்ல மாட்டான். ஆனால் போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை எலவனாசூர்கோட்டையில் அவன் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மணிமொழிக்கும் ஊரில் வேலை. என் திறமையின் மேல் நம்பிக்கை வைத்து, வேறு ஆள் கிடைக்காமல், என்னை அழைத்துப் போனார். நான் ஒரு தடவை பொய் ஏலம் கேட்டாலும் தான் பாதியில் எழுந்து போய்விடுவதாக வாசலிலேயே சொல்லிவிட்டார்.

அங்கே வாயால் ஏலம் கேட்கக் கூடாதாம். பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைக்க வேண்டும். பாஸுக்குப் பச்சை அட்டை. அன்புச்செல்வன் எல்லாருக்கும் டீ வைத்தான். எனக்குக் கடைசியில், முக்கால் டம்ளர். வைத்துவிட்டு நகராமல் என் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

அடுத்த கைக்கு வந்த சீட்டை விரித்தேன். நாலு ஜாக்கி. முந்நூத்தி நாலில் இந்தக் கை வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிடுவேன். பின்னால் மச்சினன் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. அவனுக்கும் அந்த ஆட்டம்தான் தெரியும். முதல் ஏலம் என்னுடையது. கை தானாகப் பெட்டிக்குப் போனது. கூட்டினேன். நாலு ஜாக்கிக்கு நாலு, இரண்டு ராணிக்கு நாலு, ஆக எட்டு. மறுபடி கூட்டினேன். எட்டுதான்.

பச்சை அட்டையை வைத்தேன். அடுத்தவர் பாஸ். டாக்டரம்மா தன் சீட்டை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பாஸ். நாலாவது ஆளும் பாஸ். ஆடாமலே சீட்டு உறைக்குள் போய்விட்டது. அன்புச்செல்வன் உச்சுக்கொட்டிவிட்டுக் காலி டம்ளரோடு போனான்.

அதே கையை எட்டு மேசையிலும் ஆட வைப்பார்களாம். மற்ற ஏழு மேசையிலும் எங்கள் பக்கம் உட்கார்ந்தவர்கள் ஏலம் கேட்டுத் தோற்று மைனஸ் பாயிண்ட் வாங்கியிருந்தார்கள். எங்களுக்குப் பூஜ்யம். அந்த ஒரு கையில் பூஜ்யம்தான் முதலிடம். மொத்தத்தில் எங்கள் பக்கம் உட்கார்ந்த எட்டு ஜோடியில் ஏழாவதாக வந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"எங்கிட்ட பதினொண்ணு இருந்துச்சுண்ணே. கேக்கலாம்னுதான் பாத்தேன். நீங்க பாஸ் வச்சதும் நம்பிட்டேன்" என்றார் டாக்டரம்மா.

என்னை ஒருவர் நம்பினதாக அதற்கு முன் கேட்ட நினைவில்லை.

மறுநாள் வீட்டுக்குப் போனால் அன்புச்செல்வன் எனக்கு முன்னால் வந்து, என் மனைவி கண்ணகியிடம் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாலு ஜாக்கிய கையில வச்சிக்கினு பாஸ்னு குந்திக்கினு இருக்காருக்கா. பின்னால நின்ன எனக்கு மானமே போச்சு."

எனக்கு வாய் துடித்தது. போன மாதம் விழுப்புரம் கோர்ட்டுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு அவன் என் பஸ்ஸில் வெள்ளிமலை ஏறினான். பக்கத்து சீட்டில் ஒரு பெண். கூட்டிப் பார்த்தேன். அவன் ஏறியது நிஜம், அது ஒரு ஆஸ், நாலு பாயிண்ட். அந்தப் பெண் கூட வந்தவளா, இடம் இருந்ததால் உட்கார்ந்தவளா, எனக்கே தெரியாது. பன்னிரண்டு தேறவில்லை.

"இன்னா மாமா, பேசவே மாட்றீங்க?" என்றான்.

"பாஸ்" என்றேன்.

கண்ணகி எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று.