சுவரைப் பார்த்து நின்றவர்

லண்டனில் இல்ஃபோர்ட் பக்கம் நான் சேர்ந்திருந்த துப்பாக்கிச் சங்கத்தில் அவர் கூட்டித் துடைக்கும் வேலை செய்தார். யாழ்ப்பாணத்தவர், மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. யாராவது சுடத் தொடங்கினால் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, எங்களுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்பார். கைகள் முதுகுக்குப் பின்னால், மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டியிருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் புதிதாக வாங்கிய .22 செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் அடிக்கடி இறுகியது. சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோது வெளியே வராமல் நிற்க, அடுத்த தோட்டா அதில் போய் முட்டும். தோட்டாவை மாற்றினேன், மகஸினை மாற்றினேன், பயனில்லை.

"தோட்டாவில பிழையில்லை, தம்பி," என்றார் அவர், திரும்பாமலே. "கோதை இழுக்கிற கொக்கியில கொம்பனியில பூசி அனுப்பின கிறீஸ் இறுகிக் கிடக்கு. மகஸினைக் கழட்டி, உள்ளுக்கு ஒண்டுமில்லை எண்டு பார்த்துப்போட்டுத் துடையுங்கோ."

துடைத்தேன். பத்தும் தடையில்லாமல் வெடித்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் தோள் ஒருதரம் குலுங்கியதாகப் பக்கத்தில் நின்று சுட்டவர் பிறகு சொன்னார்.

இயக்கத்தில் இருந்தவராக்கும் என்று நினைத்தேன். லண்டனில் எங்கள் ஆட்கள் அதை ஒருவரையொருவர் கேட்பதில்லை. நான் கேட்டுவிட்டேன்.

"அண்ணை முந்தித் துவக்குத் தூக்கினனீங்களோ?"

"இல்லைத் தம்பி. ஒருநாளும் தொட்டதில்லை."

"பிறகு எப்பிடிச் சத்தத்திலயே தெரியுது?"

"எனக்குப் பின்னால ஒண்டு இறுகினது. புதுத் துவக்கு, கிறீஸ் எண்டு புறுபுறுத்தபடி என்னைச் சுட வந்தவன் அதைத் துடைக்குமட்டும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"அவன் துடைச்சு முடிச்சவனோ?"

"ஓம். முடிச்சவன்."

அப்படியென்றால் நீங்கள் எப்படித் தப்பினீர்கள் என்று நான் கேட்குமுன், அவர் குனிந்து என் பத்துக் கோதுகளையும் பொறுக்கி, சூடு ஆறும்வரை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார்.