கண்ணாடிக்குள் இருந்த மருந்து

யுத்த காலம். விக்கிரமங்கலத்தில் என் தங்கை செல்லம்மாள் வீட்டிலேயே பிள்ளை பெற்றாள். அதன்பின் உதிரப்போக்கு நிற்கவில்லை. மாட்டு வண்டியில் படுக்க வைத்து, நண்பகலுக்குள் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இனிப் பிழைத்துவிடுவாள் என்று நம்பினேன்.

"டாக்டர் வெளியூர் காம்ப் போயிருக்காருங்க. ரத்தத்தை நிறுத்துற ஊசி மருந்து இந்தக் கண்ணாடி அலமாரியில இருக்கு. சாவி அவருகிட்ட" என்றார் கம்பவுண்டர்.

"கண்ணாடியை உடைச்சு எடுங்க சார்."

"என் வேலை போயிடும்ங்க."

மருந்து கண்ணெதிரே தெரிந்தது. ஒரு கல் போதும். சர்க்கார் சொத்தாயிற்றே என்று, பள்ளிக்கூட வாத்தியாரான நானும் தயங்கி நின்றேன். தண்ணீர் கேட்ட செல்லம்மாள், குடிப்பதற்குள் அடங்கிவிட்டாள்.

குழந்தை என்னிடம் வளர்கிறது. இப்போது ஊரிலிருந்து பிரசவத்துக்கு எந்த வண்டி கிளம்பினாலும் நானும் ஏறிக்கொள்கிறேன். சாவி எங்கே என்று ஒரு முறைதான் கேட்பேன்.