போக ஒரு பங்கு, வர இரண்டு பங்கு

எங்கள் தீவில் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் குனிவார்கள். பெயிண்ட், சீட்டு, பாட்டுப்பெட்டி எல்லாம் அப்புறம்தான். அடியில் தலையை விட்டு உப்பு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பார்கள். பாம்பனில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷத்தில் எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது. அதனால் அந்தச் சின்ன எலக்ட்ரிக் காரைப் பார்க்கப் பரமக்குடிக்குப் போனபோது, விற்கிற தம்பி நாற்காலி எடுத்துப் போடுவதற்குள் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் முட்டி போட்டுவிட்டேன்.

அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் ஒரு பொட்டுத் துரு கூடத் தெரியவில்லை. கடல் காற்றே படாத ஊரில் நின்ற வண்டி. எனக்கு அப்போதே மனசு முடிந்துவிட்டது.

"என்னக்கா, டாக்டர் மாதிரி பாக்குறீக" என்று அந்தத் தம்பி சிரித்தார்.

டாக்டர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வண்டிக்கே வந்தோம் என்று அவரிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ராமநாதபுரத்துக்கு டயாலிசிஸ் போக வேண்டும். போகும்போது பஸ்ஸில் எப்படியோ போய்விடலாம். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு எழுந்து வருகிற மனுஷனை நிற்க வைத்துக் கூட்டி வர முடியாது. ஒருநாள் உச்சிப்புளி தாண்டிப் பஸ்ஸில் மயங்கி என் மேலேயே சரிந்துவிட்டார். அன்றைக்குத்தான் கார் ஓட்டப் பழகுவது என்று முடிவு செய்தேன். ஐம்பதைத் தாண்டியவள் கியரோடு மல்லுக்கட்ட முடியாது என்று எனக்கே தெரியும். எலக்ட்ரிக் காரில் கியர் கிடையாது, வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு அது போதும். ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிய பிறகுதான் வண்டி தேடினேன்.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் வண்டியை விட்டுத் தள்ளி நின்றே பார்த்தார். விசைப்படகு ஓட்டியவர். படகு வாங்குவதென்றால் இன்ஜினை ஓட விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இந்த வண்டியை ஓட்டிக் காட்டியபோது கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு நடை போய்ப் பாக்காமச் சொல்ல முடியாது" என்றார்.

எங்கள் பக்கத்தில் படகு வாங்கினால் அப்படித்தான். கரையில் வைத்து முடிக்க மாட்டார்கள். ஒரு நடை கடலுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் பேச்சு. காருக்குமா இது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தத் தம்பி தங்கமானவர். "தாராளமா ஓட்டிப் பாருங்கண்ணே. நான் தெனம் இதுலதான் ராமநாதபுரத்துல இருக்குற என் கடைக்குப் போயிட்டு வாரேன். ஒரு நாளும் வழியில நின்னதில்ல" என்றார். சொன்னதோடு விடாமல், எங்களுக்கு ஆஸ்பத்திரி நாளுக்கு முந்தின நாள் வண்டியைப் பாம்பனுக்கே கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். முன்பின் தெரியாதவர்களை அப்படி நம்புகிற ஆள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்?

விடிவதற்குள் சார்ஜ் முழுசாக ஏறியிருந்தது. மாதா படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்பினோம். பாலத்தில் ஏறியதும் சீக்கிரம் தாண்டிவிட வேகத்தைக் கூட்டினேன். அவர் பக்கத்து சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, "மெதுவாப் போ, யாரும் வெரட்டல" என்றார். வண்டி சத்தமில்லாமல் போனது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் வழியில் தூங்கினார். இந்த வண்டியை விடுவதில்லை என்று அப்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் கண்ணைத் திறந்து மீட்டரைப் பார்த்தார். பாதிக்குக் கொஞ்சம் மேலே மீதி இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து, மதியம் முறை வந்ததும் மெஷினில் படுத்தார்.

சாயங்காலம் வெளியே வந்தபோது அந்தத் தம்பி கடையிலிருந்து வந்து காத்திருந்தார். "எப்படிண்ணே ஓடுச்சு?" என்று கேட்டார்.

"நல்ல வண்டி தம்பி. எங்களுக்கு ஆகாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பியின் முகம் வாடிவிட்டது. இவர் நிதானமாகக் கேட்டார்: "நீங்க கடைக்கு வந்ததும் சார்ஜ் போடுவீகளா?"

"ஆமாண்ணே, கடை வாசல்ல போட்டு வச்சிருவேன்."

"அதான். இங்கன ஆஸ்பத்திரியில போட எடமில்ல. கடலுக்குப் போறவன் டீசலை மூணு பங்காப் பிரிப்பான். போறதுக்கு ஒரு பங்கு, வாரதுக்கு ரெண்டு பங்கு. இதுல போறதுக்கே பாதி தீந்துபோச்சு."

அந்தத் தம்பியை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது. "வீட்டுக்குப் போயி போன் பண்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். டவுன் தாண்டுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் முடியவில்லை.

"இங்கேருங்க, இது கடலா? ரெண்டு பக்கமும் ஊரு இருக்கு, ஆளு இருக்கு, தார் ரோடு. போறதுக்குப் பாதி, வாரதுக்குப் பாதி. கணக்குச் சரியாத்தான இருக்கு? நானே அலையா அலைஞ்சு ஒரு வண்டியக் கண்டுபிடிச்சா அதுலயும் நொட்டை சொல்லணுமா?"

மெஷினில் கிடந்து வந்த நாளில் அவருக்கு வார்த்தை சேர்ந்து வர நேரமாகும். கொண்டல் காற்று எதிரே அடித்தது. இருட்டிவிட்டதால் லைட்டைப் போட்டேன். அவருக்குப் புழுங்கியதால் ஏசியும் ஓடியது. மீட்டர் காலையில் இறங்கியதைவிட வேகமாக இறங்குவது எனக்கும் தெரிந்தது. அது தெரிந்ததும் கோபம் இன்னும் கூடியது.

பாலத்துக்கு முந்தின ஊரான மண்டபம் வந்தபோது அவர் பேசினார்.

"வாரதுக்கு ஏன் ரெண்டு பங்கு வக்கிறோம் தெரியுமா? காத்துக்காக மட்டுமில்ல. போறப்ப எத்தன பேரு போறோம்னு தெரியும். வாரப்ப தெரியாது. ஒருத்தன் தண்ணியில விழுந்துட்டா விட்டுட்டு வர முடியாது. சுத்திச் சுத்தித் தேடணும். தேடித் தேடி இல்லேன்னு ஆனப்புறம், மிச்சம் இருக்குறவுக கரைக்கு வரணும்ல."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாளைக்கி நீ தனியாத்தான் திரும்பி வருவ. அன்னைக்கி எத்தன மணிக்கு விடுவாகன்னு தெரியாது. எங்கெங்க அலைய விடுவாகன்னு தெரியாது. நீ அழுதுக்கிட்டு ஓட்டிட்டு வருவ. அப்ப இந்த வண்டி பாலத்துல நின்னுபோச்சுன்னா, யாரு இருக்கா உனக்கு?"

அவர் வண்டியைச் சோதித்துப் பார்த்தது தனக்காக இல்லை. போகும்போதும் வரும்போதும் அந்த சீட்டில் படுத்துக்கொண்டு, தான் இல்லாத ஒரு பயணத்தை அளந்து பார்த்திருக்கிறார். இந்த மனுஷனை இந்த நோயிலிருந்து எப்படியாவது இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நான் வண்டி தேடினால், இவர் என்னைக் கரை சேர்க்க வண்டி தேடுகிறார்.

"அப்படி ஒரு நாள் வந்தா வண்டிய அங்கனயே போட்டுட்டு பஸ்ஸுல வாரேன். வாய மூடிக்கிட்டு வாங்க" என்றேன்.

வண்டி வீடு வந்து சேர்ந்தது. நிற்கவில்லை, திணறவில்லை. கொஞ்சம் சார்ஜ் மிச்சமும் இருந்தது. அந்தத் தம்பி சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மறுநாள் போன் போட்டு, வேண்டாம் என்று சொன்னேன். வண்டியை எடுத்துப்போக வந்தவர், என்ன குறை என்று கேட்டார். வண்டியில் ஒரு குறையும் இல்லை, எங்கள் தூரம் வேறு என்று மட்டும் சொன்னேன்.

பிறகு தொண்டிப் பக்கம் ஒரு வண்டி கிடைத்தது. அடியில் அங்கங்கே துரு இருந்தது. ஆனால் பேட்டரி பெரியது. அதையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தோம். இப்போது அதில்தான் போய்வருகிறோம்.

ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும், "எவ்வளவு இருக்கு?" என்று கேட்பார்.

"முக்காலுக்கு மேல."

"போதும்" என்பார்.

அந்த வார்த்தை எனக்குப் பிடிப்பதே இல்லை. "ரெண்டு பேரு வாரதுக்குப் போதும்" என்று திருத்திச் சொல்வேன். அவர் கதவைத் திறந்து இறங்கிப் போவார்.