நாற்பத்தோராவது அடியில் ஒரு சுடர்

விழித்திருத்தல் ஓர் அறம். பிறர் நம்பிவிட்டுப் போனதைத் தான் ஒருமுறை தட்டிப் பார்த்த பின்பே நம்புகிற அந்த அரிய குணம், செவில்லா நகரத்து என்கர்னாசியோன் சதுக்கத்தில், மாலை ஏழரை மணிக்கு, எரிகிற மெழுகுதிரியைக் கையில் ஏந்தி நடந்து வருகிறது. வெயில் இன்னும் கூரைகளை விட்டு இறங்கவில்லை. திரிக்கு ஒரு வேலையும் இல்லாத வெளிச்சம். உதடு அசைய அடிகளை எண்ணிக்கொண்டு வரும் அந்த அறுபத்தெட்டு வயதுக்காரரின் பெயர் பெலிசியானோ. அவர் தலைக்கு மேலே, எட்டு மாடி உயரத்தில், மரப்பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துச் செய்த ஆறு பெருங்காளான்கள் ஒன்றோடொன்று தலை ஒட்டி, சதுக்கத்து வானத்தில் பாதியை மறைத்து நிற்கின்றன. அவற்றைப் படமெடுக்க வந்தவர்கள் இவரையும் சேர்த்து எடுக்கிறார்கள்.

"தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க," என்கிறார் அவர், திரியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மூச்சு விடாதீங்க. முப்பத்தெட்டு. முப்பத்தொம்போது."

நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் பெலிசியானோ அமர்வதில்லை. ரொட்டி வாங்கினால் அதன் அடிப்புறத்தைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். வானொலியில் மழை இல்லை என்றால் குடையை எடுப்பார். மழை வரும் என்றாலும் எடுப்பார். "ரெண்டு தடவையும் அவன் ஒரே குரல்லதான் சொன்னான்" என்பது காரணம். அடுப்பின் எரிவாயுக் குழாயை மூன்று முறை திருகிப் பார்த்துவிட்டுப் படியிறங்குவார். முதல் மாடி வந்ததும், மூன்று முறைதானா என்ற ஐயம் எழ, திரும்ப ஏறுவார்.

நாற்பது ஆண்டுகள் அவர் செய்த தொழில், கோடைக்கு முன் தெருக்களின் குறுக்கே மாடிக்கு மாடி நிழற்படுதா கட்டுவது. காற்று எந்தச் சந்தில் புகுந்து எந்த மூலையில் தலைதூக்கும் என்பதை அவர் தோலே அறியும். அதனாலேயே காளான்களின் மேல் அவருக்கு ஆறாத ஐயம். அவை எழுந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன, ஊரே மேலே ஏறி நின்று பார்த்துவிட்டு வந்தது, அவர் ஏறவில்லை. அடியில் இருக்கும் சந்தைக்கு மட்டும் வருவார். போகிற போக்கில் ஒவ்வொரு தண்டையும் விரல்முட்டியால் தட்டி, நோயாளியின் மார்பைத் தட்டிய மருத்துவரைப்போல் முகம் சுளிப்பார்.

"நெழல் தர்ற சாமானாம். ஓட்டை ஓட்டையா இருக்கு, பாதி நெழல் ஒழுகிப் போகுது. ஆணி அடிச்சு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்ல. பசை போட்டு ஒட்டியிருக்கானுங்க. பசை. புள்ளைங்க பள்ளிக்கூடத்துல படம் ஒட்டுற மாதிரி."

அத்தகையவர் அந்தக் காளான்களின் அடியில் நாள்தோறும் திரியேந்தி நடப்பதற்குக் காரணம் மாதாவின் சப்பரம். அவருடைய சகோதரர் சபையில் சப்பரத்துத் திரிகள் முப்பது ஆண்டுகளாக அவர் பொறுப்பு. திருமுகத்துக்கு முன்னே ஏறுவரிசையாக எண்பத்துநான்கு. புனித வாரத்துச் செவ்வாயன்று அவை எரிந்தபடியே பேராலயம் சென்று திரும்ப வேண்டும். அணைந்த திரிகளோடு மாதாவைத் தெருவில் நடத்திய சபையை இந்த ஊர் அடுத்த தவக்காலம்வரை மென்று தின்னும். இவ்வாண்டோ, வழக்கமான தெருவைக் குழாய் பதிக்க வெட்டிப் போட்டிருக்கிறார்கள். காளான்களின் அடியில் வர வேண்டும். இல்லையேல் பின்புறத்து அகன்ற சாலையைச் சுற்றிப் போக வேண்டும்.

"காத்து எப்படின்னு பாத்துச் சொல்லுங்க பெலி. நீங்க சொல்றதுதான் முடிவு," என்று சபைத் தலைவர் லியாந்த்ரோ பாரத்தை அவர் தலையில் இறக்கினார். சனிக்கிழமைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் தண்டிலிருந்து புறப்பட்டு நாற்பத்தோராவது அடியில் நின்று நிமிர்ந்தால் ஒரு மாடத்தின் இரும்புக் கிராதி தெரியும். அது பெலிசியானோவின் வீடு. மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம். அவர் மனைவி அம்பாரோ முழங்கால் தேய்ந்து ஆறு ஆண்டுகளாகப் படியிறங்கவில்லை. மருமகன்கள் இருவர் நாற்காலியோடு தூக்கிப் போக வந்தபோது, "என்னைத் தோள்ல தூக்கிட்டு ஊர்வலம் போக நான் என்ன சப்பரமாடா? போயி வேலையப் பாருங்க," என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஆறு புனித வாரங்களையும் தொலைக்காட்சியில் பார்த்தாள். அணைக்கும்போது திரையைத் துணியால் துடைத்து வைத்தாள். சப்பரம் காளான்களின் அடியில் வந்தால், தன் மாடத்தில் இருந்தே அந்த முகத்தைக் காண்பாள்.

அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கம்போல் மறுத்திருப்பார். கேட்காததனால், உலகத்தையெல்லாம் ஐயுற்ற மனிதர் முதல்முறையாகத் தம்மை ஐயுற்றார்: எனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டுக் காற்று சொன்னதாகச் சாதித்துவிடுவேனோ? இந்த அச்சத்தால்தான் கணக்காக அடி எண்ணினார், குறிப்பேடு வைத்தார். ஆறு மாலைகளுக்கும் அதில் ஒரே வரி: "நாற்பத்தோராவது அடி: எரிகிறது. நம்ப முடியவில்லை."

நம்பாததற்குக் காரணம் இருந்தது. ஆற்றுப் பக்கத்துச் சந்து அவர் வீட்டு மூலையில்தான் வாய் திறக்கிறது. அங்கே வந்தால் அவர் சட்டைக் காலர் படபடக்கும், திரியோ அசையாது. முதலில் மெழுகை ஐயுற்றார்; வேறு கடையில் வாங்கினார். அடுத்துத் திரிநூலை, பிரித்து முகர்ந்து பார்த்தார். பிறகு லியாந்த்ரோவை, மெழுகுக்காரரோடு பேசி வைத்திருப்பாரோ? கடைசியில் காளான்களை, காற்றை உறிஞ்சிக்கொண்டு என்ன சதி செய்கின்றனவோ?

சதுக்கத்து ஓரக் கூண்டுக்கடையில் சூரியகாந்தி விதை விற்கும் சலூத், நாள் முழுதும் விதை கொறித்தபடி ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பவள், ஆறாம் மாலை அவரை அழைத்தாள்.

"அண்ணே, கோளாறு எங்கன்னு நான் சொல்லட்டுமா?"

"நீ சும்மா சொல்ற ஆள் இல்லையே."

"உங்க இடது கை."

"அதுக்கென்ன?"

"முப்பத்தஞ்சு அடி வரைக்கும் சமத்தாத் தொங்கிட்டு வருது. அப்புறம் மெல்ல எழும்பி, கோழி குஞ்சை மூடுற மாதிரி திரியை மூடிக்குது. உங்க வீடு தாண்டினதும் தானா இறங்கிடுது. ஆறு நாளாப் பாக்குறேன்."

"உனக்குக் கண்ணு போச்சு."

"எனக்கா? காத்து எங்க வருதுன்னு மேல ஏறித்தான் பாருங்களேன். ஊர்க்காரங்களைச் சும்மாதானே விடுறாங்க."

"சும்மா விடுறானா? அப்ப உள்ள ஏதோ இருக்கு."

இருந்தாலும் மறுநாள் ஏறினார். குற்றம் கையில் இல்லை, கட்டடத்தில்தான் என்று மேலே நின்று கண்டுவிட்டால் நெஞ்சு அடங்கும். நுழைவிடத்துப் பெண் அடையாள அட்டை கேட்டாள்.

"எதையாவது எழுதி வச்சுப்பியா?"

"இல்லைங்க பெரியவரே. பாத்துட்டுக் குடுத்துடுவேன்."

"எழுதலைன்னா எதுக்குப் பாக்குற?"

மின்தூக்கியின் சுவரைத் தட்டினார். மேலே அலைபோல் ஏறி இறங்கும் நடைபாதையின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். அது ஆடாதது அவருக்கு இன்னும் ஐயத்தைத் தந்தது. சுற்றிலும் எல்லாரும் பேராலயத்துக் கோபுரத்தைப் பார்த்து நிற்க, அவர் ஆற்றுத் திசைக்கு முகம் கொடுத்து நின்றார். காற்று இருந்தது. நாற்பது ஆண்டுகள் அவர் கயிறுகளைப் பிடித்து இழுத்த அதே மாலைக்காற்று. காளான்களைப் பொருட்படுத்தாமல் மேலும் கீழுமாகப் பிரிந்து, நேரே அவர் வீட்டுச் சந்தில் பாய்ந்துகொண்டிருந்தது. அது போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தவர் தம் வீட்டு மாடத்தைக் கண்டார்.

அம்பாரோ அங்கே அமர்ந்திருந்தாள். கொண்டையில் உயர்ந்த சீப்புச் செருகி, அதன்மேல் கறுப்புச் சரிகைத் துகிலை விட்டு, கையில் செபமாலையோடு. பெரிய வியாழனன்று பெண்கள் உடுத்தும் கோலம். அன்றோ தவக்காலத்து வெறும் வியாழன். கழுத்தை நீட்டி மூன்றாம் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழே முக்கால் ஆயிற்று. ஒற்றைத் திரி இன்னும் வரவில்லை. எழ முயன்று, முழங்கால் ஒப்பாமல் அமர்ந்து, துகிலின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் பார்த்தாள்.

ஆறு மாலைகளும் அவள் இப்படித்தான் உடுத்தி அமர்ந்திருக்கிறாள் என்பதும், எதற்காக என்பதும் அவருக்குப் புரிந்தது. கைப்பிடியில் கிடந்த தம் இடது கையை, பிடிபட்ட திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவருக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்திருந்தது.

கீழே வந்து திரியை ஏற்றினார். இடது கையைக் காற்சட்டைப் பையில் திணித்தார். "சலூத், பாத்துக்க. வெளிய வந்துச்சுன்னா சத்தம் போடு."

முப்பத்தைந்தாவது அடியில் கை பைக்குள் அசைந்தது. கோணியில் கட்டிய பூனைக்குட்டிபோல் முட்டியது. அவர் விடவில்லை. நாற்பது. நாற்பத்தொன்று. சுடர் ஒருமுறை சாய்ந்து வணங்கி, அணைந்தது.

மேலிருந்து குரல் வந்தது. "அணைஞ்சிடுச்சா?"

"அணைஞ்சிடுச்சு."

"லேட்டா வேற வந்திருக்க."

"மேல போயிருந்தேன்."

"அந்தச் சாமான்லயா? எப்படி இருந்துச்சு?"

"ஆடலை. ஆனா நம்புறதுக்கில்ல."

"சரி மனுஷா. அணைஞ்சதை அணைஞ்சதுன்னே சொல்லிடு. சனிக்கிழமை பொய்யைச் சொல்லிட்டு என் பக்கத்துல வந்து படுக்காதே." சொல்லிவிட்டுத் தலையிலிருந்து சீப்பை மெல்ல உருவினாள். அவர் குனிந்து அணைந்த திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை, சபை மண்டபத்தில் எழுந்து நின்றார். "நாப்பத்தோராவது அடியில அணையுது. ஆறு நாள் எரிஞ்சதுன்னு எழுதி வச்சிருக்கேன், அது பொய். கையை வச்சு மறைச்சிருக்கேன், எனக்கே தெரியாம. மேல எங்க வீடு. அம்பாரோ இருக்கா. அதனால இதுல என் பேச்சை யாரும் எடுத்துக்க வேணாம்." நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் அமர்ந்தார்.

சப்பரம் தூக்குவோரின் தலைவரான காயெத்தானோ, இருமல் கலந்த பெருங்குரலில் கேட்டார்: "ஆமா, அணைஞ்சா என்ன பண்ணணும்?"

"ஏத்தணும். நாப்பத்துமூணுல காத்து இல்ல, எங்க வீட்டுச் சுவர் மறைச்சிடும்."

"நடந்துக்கிட்டே ஏத்துவீங்களா?"

"எப்படி முடியும்? சப்பரத்தை இறக்கி வச்சுக் கோல்திரியால ஒண்ணொண்ணா ஏத்தணும். பன்னண்டு நிமிஷம் ஆகும்."

"அப்ப பன்னண்டு நிமிஷம் இறக்கி வைப்போம். என் பசங்களுக்கும் முதுகு இருக்கே."

"ஊரு பேசும்," என்றார் பெலிசியானோ.

"அணைஞ்சதை மூடி மறைச்சுக்கிட்டு ஓடினாத்தான் பேசும்," என்றார் லியாந்த்ரோ. "எல்லார் கண்ணு முன்னாலயும் இறக்கி வச்சு ஏத்தினா, அது மாதாவுக்குச் செய்யற மரியாதை."

பெலிசியானோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண் சுருங்கியது. "உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அம்பாரோ போன் பண்ணினாளா?"

"உங்க வீடு எங்க இருக்குன்னு இந்தச் சபையில தெரியாதவன் யாரு பெலி?"

"தெரிஞ்சா என்கிட்ட எதுக்குக் கேட்டீங்க?"

"நீங்க பொய் சொல்வீங்களான்னு பாக்கத்தான்," என்றார் காயெத்தானோ. மண்டபம் சிரித்தது. தம்மையும் ஒருவர் தட்டிப் பார்த்திருக்கிறார் என்றதும் பெலிசியானோவின் முகம் தெளிந்தது. முப்பது ஆண்டுகளில் அன்றுதான் அந்தச் சபை சரியாக நடப்பதாக அவருக்குப் பட்டது.

ஞாயிறு மாலை ஏழரைக்கு மறுபடியும் வந்தார். சலூத் விதை கொறிப்பதை நிறுத்தினாள். இடது கை பையில். நாற்பத்தொன்றில் திரி அணைந்தது, தலையசைத்தார். இரண்டு அடி தள்ளி, சுவர் மறைவில் நின்று அதை ஏற்றினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மாடத்தில் சீப்பும் சரிகைத் துகிலும் இருந்தன. மெழுகு உருகிக் கட்டைவிரலில் வழிந்தது. சுடர் எரிகிறதா, அணைந்ததா என்று அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

அந்த மூன்றாம் மாடி மனையில் ஒளி குன்றாதிருப்பதாக. அங்கே காத்திருக்கும் கண்கள் தாம் வேண்டிய திருமுகத்தை ஆற அமரக் காண்பனவாக. அவ்வில்லமும் அதில் உள்ளாரும் நெடிது வாழ்க.