தகரத்துக்கு அந்தப் பக்கம் சாஹித்யா

"அந்தச் சுவரை எந்தப் பிள்ளைங்களுக்காகக் கட்டினாங்க?"

டோரிஸ் ஆன்ட்டி என்னிடம் இப்படிக் கேட்டார். அந்தச் சுவர் இருக்கும் பள்ளியின் முன்பக்கத்தில்தான் நான் படித்து முடித்தேன். இது அவருடைய கதை.

டோரிஸ் ஹைதராபாத்தில், லாலாகுடாவில் ஒரு பள்ளியில் ஆயா. கணவர் மேத்யூ ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பாளையங்கோட்டையிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். வீட்டில் இன்னும் அந்த ஊர்ப் பேச்சுதான். பள்ளிக்கு ஒரே பெயர், ஆனால் இரண்டு கட்டடம். முன்பக்கம், பணம் கட்டிப் படிக்கும் இங்கிலீஷ் பள்ளி. பின்பக்கம், இலவசமாக நடக்கும் தெலுங்குப் பள்ளி. நடுவில் சுவர். சுவரில் ஒரு கம்பிக் கதவு.

மைதானம் முன்பக்கம்தான் இருந்தது. முன்பக்கத்துப் பிள்ளைகள் விளையாடி முடித்து வகுப்புக்குள் போன பிறகுதான் கம்பிக் கதவைத் திறந்து பின்பக்கத்துப் பிள்ளைகளை விட வேண்டும். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் மண்ணில் நிற்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் டோரிஸின் வேலை. அவர் அதை நன்றாகவே செய்தார். பல வருடம் அதைப் பற்றி யோசித்ததுகூட இல்லை.

பிறகு அனிருத் வந்தான். முன்பக்கம் இரண்டாம் வகுப்பு. அவன் அக்கா சாஹித்யா பின்பக்கம் ஏழாம் வகுப்பு. அப்பா கோவிந்தராஜனுக்கு மல்லாபூரில் பெயின்ட் ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு பிள்ளைக்குத்தான் பணம் கட்ட முடியும் என்றபோது வீட்டில் பையனை முன்பக்கம் சேர்த்தார்கள்.

அனிருத்துக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. அவன் இடைவேளையில் கம்பிக் கதவுக்கு வருவான். சாஹித்யா தண்ணீர் குடிக்கப் போவதாக டீச்சரிடம் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் வருவாள். கம்பி வழியாகக் கையை விட்டுக் கட்டிவிடுவாள். அவள் காலில் ரப்பர் செருப்பு.

"என்னட்டி, தினமும் தண்ணி தவிக்குதா ஒனக்கு?" என்று டோரிஸ் கேட்பார்.

"ஹவ் ஆன்ட்டி, ஆமா. ரொம்ப வெயில்."

"மழைக்காலத்துலயா?"

சாஹித்யா சிரித்துவிட்டு ஓடிவிடுவாள். டோரிஸும் பார்க்காதது போல இருந்துவிடுவார்.

அந்த மழைக்காலத்தில் முன்பக்கத்தில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. பின்பக்கத்திலிருந்துதான் ஒட்டுகிறது என்று பெற்றோர் சிலர் வந்து சத்தம் போட்டார்கள். கம்பிக் கதவு முழுக்கத் தகரம் அடித்தார்கள். கீழே மட்டும் ஒரு சாண் இடைவெளி விட்டுப்போனது. அனிருத் அந்த இடைவெளியில் காலை நீட்டுவான். அந்தப் பக்கமிருந்து இரண்டு கைகள் வந்து லேஸைக் கட்டும். முகம் தெரியாது.

ஒரு நாள் டோரிஸ் ஆபீஸ் அறைக்கு டீ கொண்டுபோனார். தலைமை ஆசிரியை திரிபுரசுந்தரி மேடம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது பின்பக்கம் படித்தால், இனி இருவரும் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். இங்கே பணம் கட்டட்டும், இல்லை அங்கே போகட்டும்.

கோவிந்தராஜனால் இரண்டு பேருக்குக் கட்ட முடியாது. டோரிஸுக்கு அது தெரியும். பையனின் முன்பக்கத்து இடம் போய்விடும் என்று பயந்தார். அன்று சாயங்காலமே அனிருத்தைத் தனியாக அழைத்தார்.

"ஏலே அனி, மேடம் கேட்டா அக்கா இல்லைன்னு சொல்லிரு. கேட்டியா?"

"கைக்கு ஆன்ட்டி? ஏன்?"

"கைக்குன்னு கேக்காத. சொல்லிரு. நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு ஒருத்தர்ட்டயும் சொல்லக் கூடாது. வீட்லயும்தான்."

மறுநாளே மேடம் மைதானத்துக்கு வந்தார். அனிருத் தகரத்தின் அருகே உட்கார்ந்திருந்தான். மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டதும் காலை இழுத்துக்கொண்டான். லேஸ் பாதிதான் கட்டியிருந்தது.

"இங்கே என்ன செய்றே? உன் அக்கா அந்தப் பக்கம் படிக்கிறாளா?"

அனிருத் டோரிஸைப் பார்த்தான். டோரிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"நோ மேம். எனக்கு அக்கா இல்லை."

மனப்பாடப் பாட்டைப் போலச் சத்தமாகச் சொன்னான். தகரத்துக்குக் கீழே ரப்பர் செருப்புகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. மேடம் போகும்வரை அவை அசையவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பிப் போயின.

அடுத்த நாள் அனிருத் காலை நீட்டிக்கொண்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான். கைகள் வரவில்லை. டோரிஸ் குனிந்து லேஸைத் தொட்டபோது, "நக்கோ ஆன்ட்டி, வேணாம்" என்று காலை உதறினான்.

சாஹித்யாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட டோரிஸ் நினைத்தார். சொன்னால் அவள் யாரிடமாவது சொல்வாள், விஷயம் மேடத்துக்குப் போகும் என்று தயங்கினார். தசரா லீவு முடியட்டும் என்று இருந்துவிட்டார்.

லீவு முடிந்து இரண்டு பேருமே வரவில்லை. டோரிஸ் விசாரித்துக்கொண்டு மல்லாபூருக்கு பஸ் ஏறினார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அப்துல் காதர்தான் சொன்னார்.

"கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சும்மா. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எங்கேன்னு தெரியாது. அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் தம்பிகிட்ட வாய் திறக்கல. பையன் பின்னாடியே சுத்துவான். என்னாச்சுன்னு கேட்டா ரெண்டும் சொல்லாது."

அந்த வார்த்தைகள் டோரிஸை விடவே இல்லை. அதற்குப் பிறகு மைதானத்தைக் கூட்டும்போது தகரத்தின் பக்கம் போனால் குனிந்து பார்க்காமல் வர முடியவில்லை. சில நாள் அங்கே செருப்புகள் தெரியும். நிமிர்ந்து மறுபடி பார்த்தால் வெறும் மண். சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும் அதே இடைவெளி, அதே இரண்டு கால்கள்.

"தகரத்துக்கிட்ட யாரும் இல்ல டோரிஸ்," என்பார் மேத்யூ. "என்னைவிட அதைத்தான் அதிகம் பாக்குத. சாப்பாட்டைப் போடு."

டோரிஸ் போடுவார். தன் தட்டில் மட்டும் சோறு அப்படியே இருக்கும்.

போன மாதம் அவர் என்னிடம் இதையெல்லாம் சொன்னார். பையனின் இடம் போய்விடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்ததாகவும், கடைசியில் அவனுக்கு அக்காவே போய்விட்டாள் என்றும் சொன்னார். சாஹித்யாவுக்கு இப்போது பதினைந்து வயது இருக்கும். தம்பி தன்னை வேண்டாம் என்றான் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான், யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னதால் வீட்டிலும் சொல்லாமல் இருக்கிறான்.

ஹைதராபாத்தில் எந்த ஃபேக்டரிப் பக்கமாவது கோவிந்தராஜன், அவர் மனைவி ருக்மிணி குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இருந்தால் இந்தக் கதையைச் சாஹித்யாவிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் அனிருத்தும் வீட்டில் இருக்கும்போது.