நான் நீக்கிய முப்பத்தோராம் கேள்வி

இரண்டாம் சுற்றில் அறுபது பேரும் திடீரென்று கவலையே இல்லாத மனிதர்களாகிவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு "மனசு பாரமா இருக்குமுங்க", "கோவம் பொத்துக்கிட்டு வருமுங்க" என்று சொன்ன அதே ஆட்கள், இப்போது எதைக் கேட்டாலும் "இல்லீங்க" என்றார்கள். சேலத்தில் எங்கள் டிபார்ட்மென்ட் மேஜையில் இரண்டு சுற்றுத் தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் ஆராய்ச்சிப் பட்டம் அந்தத் தாள்களை நம்பி இருந்தது.

சைக்காலஜி முடித்துவிட்டு ஃபீல்டுக்குப் போகிற பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து, "மேடம், வாலிடேஷன் எப்படிப் பண்றது?" என்று கேட்கிறார்கள். ஒரு வினாத்தாளை நம்பலாமா என்று சோதித்துப் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்வது. எப்படிப் பண்ணக் கூடாது என்று சொல்கிறேன், அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

1. தமிழாக்கம்

எண்பதுகளில் நடந்தது. ஆங்கிலத்தில் இருந்த ஆளுமை வினாத்தாள் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை. மொத்தம் அறுபது கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பதில். நான் தமிழாக்கினேன். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் என் தமிழை மறுபடி ஆங்கிலமாக்கினார். இதற்குப் பேக் டிரான்ஸ்லேஷன் என்று பெயர். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போயின. எங்கள் கைடு, அதாவது என் ஆராய்ச்சியை மேற்பார்வையிட்ட பேராசிரியர், தலையசைத்தார். அடுத்தது டெஸ்ட்-ரீடெஸ்ட். ஒரே ஆளிடம் மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை கேட்க வேண்டும். பதில் பெரும்பாலும் மாறாமல் இருந்தால் வினாத்தாள் நம்பகமானது.

முப்பத்தோராம் கேள்வி இது: "காரணம் தெரியாமல் உங்களுக்கு அழுகை வருவதுண்டா?" அறுபதில் இதன் தமிழ்தான் சுத்தமாக வந்திருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

2. பல்ப்பர் ஷெட்டுக்குப் பின்னால்

பரீட்சை எழுதிப் பழகாதவர்களிடமும் இது செல்லுபடியாகுமா என்று பார்க்க, ஏற்காட்டில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டைப் பிடித்தோம். முதல் நாள் பழம் எடை போட்டு முடிந்ததும் களத்திலேயே உட்கார்ந்து ஆரம்பித்தேன். ஒருத்தியைக் கேட்டால் நாலு பேர் பதில் சொன்னார்கள்.

"ஏனுங்க டீச்சர், என்னப் பத்தி நானே சொல்லிக்கிறதுங்களா? பக்கத்துல இருக்கறவங்களக் கேளுங்க, அவங்க சொல்லட்டும்" என்றார் ஒரு பெரியவர். கூச்சம் அவருக்கு. தன்னைப் பற்றித் தானே பேசுவது அங்கே தற்பெருமைக்குச் சமம். ஆகவே பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு சாக்கை விரித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

முதலில் வந்தவள் சின்னப்பொண்ணு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எட்டாவது படித்தவள். முட்டி வலியால் சரிவில் ஏறி இறங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட் கிரெச்சில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை காலியாக இருந்தது. அது அவளுக்குத்தான் என்று மேனேஜர் பாதி வாக்குக் கொடுத்திருந்தார். மழையும் இல்லை, மேடும் இல்லை. அந்த வேலை கிடைத்தால் அவள் பிழைத்தாள்.

"இதெல்லாம் ரைட்டருக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டாள். எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவைத்தான் ரைட்டர் என்பார்கள்.

"யாருக்கும் தெரியாதுக்கா. பேரே எழுதப் போறதில்ல. உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

முப்பத்தொன்றைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். "அழுவாத பொம்பள எங்கீங்க இருக்கறா? சமயத்துல அடுப்புகிட்ட உக்காந்து சும்மா அழுவனுங்க. அழுது முடிச்சா சரியாப் போயிரும். ஆமான்னே போடுங்க."

போட்டேன். பெயர் எழுதவில்லைதான். ஆனால் இரண்டு சுற்றுத் தாள்களையும் ஜோடி சேர்க்க ஏதாவது அடையாளம் வேண்டுமே. அதற்கு ஒரு யோசனை செய்தேன். எஸ்டேட்டில் ஒவ்வொருவருக்கும் ஆஜர் புத்தகத்தில் ஒரு செக்ரோல் நம்பர் உண்டு. அதையே தாளின் மூலையில் எழுதினேன். சின்னப்பொண்ணின் நம்பர் நாற்பத்தேழு. எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அறுபது பேரும் முடிந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தால் நனைந்துவிடும். எஸ்டேட் ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

3. இரண்டாம் சுற்று

மூன்று வாரம் கழித்துப் போனேன். அதே சாக்கு, அதே கேள்விகள். சின்னப்பொண்ணு என் முகத்தையே பார்க்கவில்லை.

"இல்லீங்க. இல்லீங்க. அதுவும் இல்லீங்க."

"அழுகை வரும்னு போன தடவ சொன்னீங்களேக்கா?"

"அது அப்பங்க."

"மூணு வாரத்துல மாறிடுமா?"

"மாறிடுச்சுங்க டீச்சர். அடுத்ததக் கேளுங்க."

சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்று அதட்டவும் செய்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தாள்களைப் பார்த்த கைடு ஒரே நிமிஷத்தில் முடிவு சொன்னார். "உன் தமிழ்லதான்மா கோளாறு. ரொம்ப மாறின ஐட்டத்தத் தூக்கிடு. வேற எடத்துல புதுசா டேட்டா எடு." அதிகம் மாறியது முப்பத்தொன்று.

4. ரைட்டரின் பாராட்டு

எஸ்டேட்டில் ஒரு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று போனபோது ரைட்டர் தங்கராசு டீ வரவழைத்தார். கணக்கு எழுதுவதும் ஆஜர் போடுவதும் அவர்தான். சாதுவான மனிதர்.

"உங்க டெஸ்டு நொம்ப ஒதவியா இருந்துச்சுங்க டீச்சர்" என்றார்.

"எந்த டெஸ்டு?"

"அதானுங்க, பீரோவுல வச்சுட்டுப் போனீங்களே. கிரெச்சுக்கு யாரப் போடலாம்னு மேனேஜர் கேட்டாருங்க. நானும் நாப்பத்தேழுதான்னு இருந்தேன். எதுக்கும் பாத்துருவோம்னு உங்க பேப்பர எடுத்தனுங்க. காரணமில்லாம அழுவேன்னு போட்டிருக்குது. கொழந்தைங்ககிட்ட அப்படி ஆள உட முடியுமுங்களா? வேற ஆளுக்குச் சொல்லிட்டனுங்க. ஆமா, இதுக்குப் பாஸ் மார்க்கு எத்தனைங்க?"

டீயைக் கீழே வைத்துவிட்டேன். தினமும் காலையில் அந்த நம்பர்களைக் கூப்பிட்டு ஆஜர் போடுகிறவர் அவர். அறுபது பேரையும் பெயரைவிட நம்பரில் நன்றாகத் தெரிந்தவர். உலகத்தில் வேறு யாருக்கும் புரியாத அந்த அடையாளத்தை, யார் பார்க்கக் கூடாதோ அவருக்கு மட்டும் புரியும்படி எழுதி, அவர் பீரோவிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சேதி தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறது. அதற்கப்புறம் எவர் எனக்கு "ஆமாங்க" சொல்வார்?

5. நாலு வரி

நேராக மேனேஜரிடம் போனேன். அது தகுதித் தேர்வே இல்லை, அந்தப் பெண் உண்மை பேசினாள், அவ்வளவுதான் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "போட்ட ஆளை இப்ப எடுக்க முடியாதும்மா. ஆனா ரெண்டு மாசத்துல இன்னொரு ஆயா போடணும். இந்தப் பேப்பர வச்சு யாரையும் எடை போடக் கூடாதுன்னு காலேஜ் லெட்டர்ல நாலு வரி, உங்க புரொஃபசர் கையெழுத்தோட குடுங்க. நான் சின்னப்பொண்ணையே போடறேன்."

இதைவிட நல்ல வார்த்தை யார் சொல்வார்கள்? மலையிறங்கும் பஸ்ஸிலேயே அந்த நாலு வரியை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். ஆனால் கைடிடம் கையெழுத்துக் கேட்டால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் காப்பாற்றவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் என்னை ஃபீல்டுக்கு அனுப்புவாரா, பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகுமா என்று பயம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று வைத்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே போயிற்று. இப்படியே இரண்டு மாசம் ஓடியதில் இரண்டாவது ஆயாவாக மாரமங்கலத்திலிருந்து ஒருத்தி வந்துவிட்டாள்.

நான் சேலத்தில் வேறு ஆட்களிடம் புதிதாக டேட்டா எடுத்தேன். முப்பத்தோராம் கேள்வியை நீக்கினேன். "மொழிபெயர்ப்புச் சிக்கல் காரணமாக" என்று ஆய்வேட்டில் எழுதினேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

6. அடுத்த பழம்

மறு வருஷம் பழம் எடுக்கும் பருவத்தில் சின்னப்பொண்ணைத் தேடிப் போனேன். முட்டியில் பழந்துணி சுற்றி, இடுப்பில் கூடை கட்டிச் சரிவில் நின்றிருந்தாள். நம்பர் எழுதியதிலிருந்து, எழுதாமல் விட்ட கடிதம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே பழம் உருவினாள்.

"ரைட்டர் பண்ணினதுன்னுதானுங்க இத்தன நாளும் நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். "அந்த மனுசனோட நான் பேசறதே இல்லீங்க."

"என்ன மன்னிச்சிருங்கக்கா."

"எடை போடற நேரமாச்சுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு மேல் வரிசைக்கு ஏறினாள்.

அடையாள நம்பரை நீங்களே புதிதாகப் போடுங்கள், தாள்களை மழையானாலும் கையோடு எடுத்து வாருங்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது வேறு. தப்பு நடந்தது தெரிந்த அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும், போகட்டும். எனக்கு அது தள்ளிப்போகவில்லை, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. சின்னப்பொண்ணு வேலையை விட்டு நிற்கும்வரை சரிவில்தான் பழம் பறித்தாள்.